ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த விஷயம்: கம்பெனி எதுவரை பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்து. கம்பெனி கொடுத்த லேப்டாப்பிலேயே சொந்த ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், பேங்க் வேலை எல்லாம் நடக்கிறது. இதையெல்லாம் கம்பெனி பார்க்க முடியுமா? பார்த்தால் சட்டப்படி தடுக்க முடியுமா?

பார்க்க முடியும். பெரும்பாலானதைச் சட்டப்படி தடுக்க முடியாது. ‘பிரைவசி அடிப்படை உரிமை ஆயிற்றே, கோர்ட்டில் நிற்காது’ என்ற தைரியத்தில் இருப்பவர்கள்தான் வசமாக மாட்டுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காகக் கம்பெனிக்கு எல்லையே இல்லை என்றும் இல்லை. லேப்டாப் அவர்களுடையது. அதில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜிமெயில் கணக்கு அவர்களுடையது அல்ல. கீழே சொல்லப்போவது எல்லாம் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

முதலில் லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். பெரிய கம்பெனி லேப்டாப் என்றால் கிரவுட்ஸ்ட்ரைக், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் போன்ற பாதுகாப்பு மென்பொருள் ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த புரோகிராம் எப்போது திறந்தது, எந்த முகவரியோடு பேசியது, எந்தப் பென் டிரைவ் செருகப்பட்டது, அதன் சீரியல் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் பதிவாகும். அதற்கு மேல் டி.எல்.பி. எனப்படும் தகவல் கசிவுத் தடுப்பு மென்பொருள் இருந்தால், எந்த ஃபைலை எங்கே அனுப்பினீர்கள் என்பது ஃபைலின் பெயரோடு விழும். சில பி.பி.ஓ.க்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சில நிமிடங்களுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கண்காணிப்பு மென்பொருளும் போடுகிறார்கள். இது இருந்தால் வாட்ஸ்அப்பின் என்க்ரிப்ஷன் உங்களைக் காப்பாற்றாது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி வரும் செய்தி உங்கள் திரையில் வந்துதானே பிரிகிறது? திரையைப் படம் பிடிக்கிறவனுக்குப் பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

அடுத்தது நெட்வொர்க். இஸட்ஸ்கேலர் மாதிரி ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) வைத்திருக்கும் கம்பெனிகள், பூட்டு அடையாளம் போட்ட தளங்களையும் நடுவில் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி அனுப்பலாம். எதை நம்பலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கம்பெனியின் ரூட் சான்றிதழ் லேப்டாப்பில் ஏற்கெனவே போடப்பட்டிருப்பதால் பிரவுசர் எந்த எச்சரிக்கையும் காட்டாது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம், ஒரு நிமிட வேலை. குரோமில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டுங்கள். ‘கனெக்‌ஷன் இஸ் செக்யூர்’, அதற்குள் ‘சர்டிஃபிகேட் இஸ் வேலிட்’ என்று போனால் சான்றிதழ் விரியும். ‘இஷ்யூட் பை’ என்ற இடத்தில் கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்று இருந்தால் நடுவில் யாரும் திறக்கவில்லை. அங்கே இஸட்ஸ்கேலர் என்றோ உங்கள் கம்பெனி பெயரோ இருந்தால், அந்த மெயில் நடுவழியில் பிரிக்கப்படுகிறது. இதே சோதனையை உங்கள் பேங்க் தளத்திலும் செய்து பாருங்கள். பேங்க், மருத்துவத் தளங்களைப் பல கம்பெனிகள் திறக்காமல் விட்டுவிடும். ஆனால் அது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை அல்ல.

குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்ற வரி இருந்தால் அதையும் தட்டுங்கள். எந்த எக்ஸ்டென்ஷன்கள் கம்பெனியால் திணிக்கப்பட்டவை, அவை எதைப் படிக்கலாம் என்று அங்கே இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ என்று போய் உங்கள் ஆபீஸ் கணக்கின் ‘இன்ஃபோ’வைத் திறந்தால் எதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது என்று ஓரளவு தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ‘டிவைஸ் மேனேஜ்மென்ட்’. இவை பார்ப்பதற்கு மட்டும். எதையாவது நிறுத்தவோ நீக்கவோ முயன்றால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தும் முயற்சிக்கு உடனே அலெர்ட் போகும்.

‘இன்காக்னிட்டோவில்தான் பார்க்கிறேன்’, ‘என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைக்கிறேன்’ என்று சொல்பவர்கள் உண்டு. இன்காக்னிட்டோ லேப்டாப்பில் ஹிஸ்டரியைச் சேமிக்காது, அவ்வளவுதான். ஹாட்ஸ்பாட் ஆபீஸ் வைஃபையைத் தாண்டும், ஆனால் லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கும் மென்பொருளைத் தாண்டாது. சொந்த வி.பி.என். போடுவது இரண்டையும் விட மோசம்: மறைப்பதோ கொஞ்சம், சந்தேகம் வருவதோ நிறைய. மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகளும் அப்படித்தான். யு.எஸ்.பி.யில் செருகியதும் அதன் தயாரிப்பாளர் எண் பதிவாகிவிடும். 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டியதாகச் சொல்லிப் பத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு அனுப்பியது செய்தியானது.

மூன்றாவது இடம் சர்வர். ஆபீஸ் மெயில், டீம்ஸ், ஸ்லாக் எல்லாம் உங்கள் லேப்டாப்பில் இருப்பதாகத் தோன்றினாலும் இருப்பது கம்பெனியின் கணக்கில். டீம்ஸில் ஒரு செய்தியை டெலிட் செய்தால் உங்கள் கண்ணுக்குத்தான் மறையும். கம்பெனி சேமிப்புக் கொள்கை வைத்திருந்தால் அதன் பிரதி உங்கள் மெயில்பாக்ஸில் நீங்கள் பார்க்க முடியாத ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டக் காரணத்துக்காக மெயில்பாக்ஸை ‘ஹோல்டு’ போட்டிருந்தால் காலவரையறையே கிடையாது. மேனேஜரைப் பற்றி டீம்ஸில் பக்கத்து சீட் நண்பரிடம் புலம்புவது, நிறுவன ரெக்கார்டில் எழுதி வைப்பதற்குச் சமம்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. உங்கள் மேனேஜர் நினைத்த நேரத்தில் தட்டிப் பார்க்கும் வசதி பொதுவாக இருக்காது. அதற்கென அதிகாரம் கொடுக்கப்பட்ட சிலர்தான் தேட முடியும்; அவர்கள் தேடியதும் பதிவாகும். விவகாரம் என்று வந்தால் ‘யார் அனுமதித்து, யார் தேடினார்கள்’ என்று கேட்பதற்கு இது கைகொடுக்கும்.

யாரும் வேவு பார்க்காமலேயே நடக்கும் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நடைமுறையில் நிறையப் பேருடைய சொந்த ஆவணங்கள் கம்பெனியிடம் போய்ச் சேர்வது இந்த வழியில்தான். ஒன்டிரைவில் ஒரு வசதி உண்டு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டரையும் அப்படியே கம்பெனியின் கிளவுடுக்கு ஏற்றிவிடும். ஐ.டி. டீம் இதை எல்லா லேப்டாப்பிலும் ஒரே உத்தரவில் போட்டுவிடலாம், உங்களிடம் கேட்காது. ஹோம் லோனுக்காக டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த பான் கார்டு ஸ்கேன், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட், வேறு கம்பெனிக்கு அனுப்பத் தயாரித்த ரெஸ்யூமே எல்லாம் மேலே போயிருக்கும். டெஸ்க்டாப் ஐகானின் ஓரத்தில் சின்ன மேகக் குறியோ பச்சை டிக்கோ தெரிந்தால் அதுதான் இது. நீங்கள் வேலையை விட்டுக் கணக்கு நீக்கப்பட்ட பிறகும், வழக்கமான அமைப்பில் 30 நாள் அந்த ஒன்டிரைவ் உயிரோடு இருக்கும்; அதைத் திறந்து பார்க்கும் அனுமதி உங்கள் மேனேஜருக்குத் தானாகப் போகும். ரெஸ்யூமே சமாச்சாரம் அவருக்கு அப்போது புதிதாக இருக்காது, பரவாயில்லை. அப்பாவின் ரிப்போர்ட்?

இனி சட்டம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அடிப்படை உரிமையை முதலில் கேட்க முடிவது அரசிடம். மின்வாரியத்திலோ பொதுத்துறை வங்கியிலோ வேலை பார்ப்பவர் தன் நிர்வாகத்துக்கு எதிராக இதை நேராக எடுக்கலாம். தனியார் கம்பெனிக்கு எதிராக ரிட் போட்டால் வாசலிலேயே சிக்கல் வரும்.

தனியார் ஊழியருக்கு மிஞ்சுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும் சில தகவல்களை ‘சென்சிட்டிவ்’ என்று தனியாகப் பிரிக்கின்றன: பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு விவரம், உடல்நிலை, மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக், பாலியல் நாட்டம். இவற்றைத் திரட்ட எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். குறை கேட்க ஒரு அதிகாரியை நியமித்து, அவர் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி கீலாகர் போட்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் விழுகிறது, பேங்க் பாஸ்வேர்டு உட்பட. ‘கண்காணிப்போம்’ என்று பொதுவாக ஒரு வரியில் கையெழுத்து வாங்கியது பாஸ்வேர்டைத் திரட்டவும் ஒப்புதல் ஆகுமா என்று கேட்க இங்கே நல்ல இடம் இருக்கிறது. இன்றைய தேதியில் ஊழியரின் கையில் இருக்கும் உருப்படியான ஆயுதங்களில் இது ஒன்று.

அதற்கும் ஆயுள் குறைவு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம், அதாவது 2027 மே வாக்கில். அப்போது 43ஏ நீங்கிவிடும். புதுச் சட்டம் வந்தால் ஊழியருக்கு வசதி என்று பரவலாக எழுதுகிறார்கள். சட்டத்தைத் திறந்து 7-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவைப் படித்தால் அந்த உற்சாகம் இருக்காது. வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகவும், கம்பெனியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலேயே பயன்படுத்தலாம் என்கிறது அது. தொழில் ரகசியம், அறிவுசார் சொத்து, வேவு தடுப்பு எல்லாம் அதில் உதாரணமாக வருகின்றன. ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்பதால், ஒப்புதலோடு தர வேண்டிய அறிவிப்பும் இல்லை. ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு’ என்று கேட்கும் உரிமையைத் தரும் 11-ஆம் பிரிவு, நீங்கள் ஒப்புதல் கொடுத்த தரவுக்குத்தான். அழிக்கச் சொல்லும் 12-ஆம் பிரிவும் அப்படியே. இன்னொரு அடி: இச்சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு கிடையாது.

மிஞ்சுவது என்ன? தரவைப் பத்திரமாக வைக்கும் கடமையும், கசிந்தால் உங்களுக்குச் சொல்லும் கடமையும் கம்பெனிக்கு எந்த நிலையிலும் உண்டு. 13-ஆம் பிரிவின்படி குறை சொல்லும் உரிமை ஒப்புதலைச் சார்ந்தது அல்ல. 90 நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி. ‘நோக்கம்’ என்ற சொல்லும் இருக்கிறது. தொழில் ரகசியத்தைக் காக்க ஃபைல் பரிமாற்றத்தைக் கண்காணிப்பது ஒன்று. கர்ப்பமா, வேறு வேலை தேடுகிறாரா, சங்கத்தில் சேர்ந்தாரா என்று அறியத் திரையைப் படம் பிடிப்பது வேறு. இரண்டாவதை வேலைவாய்ப்பு நோக்கம் என்று நியாயப்படுத்தும் சுமை கம்பெனியின் தலையில் விழும்.

ஐரோப்பாவில் இதே கேள்வி எப்படித் தீர்ந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஒப்பீட்டுக்காக. ருமேனியாவின் பர்புலெஸ்கு, கம்பெனி வேலைக்காகத் திறந்த யாஹூ மெசஞ்சரில் சகோதரரோடும் மணக்கப்போகும் பெண்ணோடும் பேசினார். கம்பெனி அதை எழுத்தில் பிரதி எடுத்தது, 45 பக்கம். 2007-ல் வேலை போனது. புட்டசாமி தீர்ப்பு வந்து 12 நாள் கழித்து, 2017 செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11-க்கு 6 என்று அவருக்குச் சாதகமாகச் சொன்னது. சொந்த உபயோகம் கூடாது என்று கம்பெனி விதி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் செய்தியின் உள்ளடக்கம் வரை படிப்போம் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்க்கவில்லை என்பதுதான் குறை. இங்கே அது முன்னுதாரணம் அல்ல, வாதத்துக்கு உதவும். ஐரோப்பிய கிளையன்ட்டின் மெய்நிகர் டெஸ்க்டாப்பில் லாகின் செய்து வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கதவு உண்டு: அந்த கிளையன்ட்டின் ஐரோப்பிய அலுவலகம் உங்களைக் கண்காணித்தால் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். பொருந்தும் என்று வாதிடலாம். அந்தச் சட்டம் ஆளின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை.

இப்போது முதலில் சொன்ன எல்லைக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, ஒரு கம்ப்யூட்டரின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவதையும் தகவலை எடுப்பதையும் தடுக்கிறது. லேப்டாப்பின் உரிமையாளர் கம்பெனி, அதனால் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பது நுழைவு ஆகாது. ஆனால் நீங்கள் திருப்பிக் கொடுத்த லேப்டாப்பில் ஜிமெயில் லாக்அவுட் ஆகாமல் கிடக்கிறது, யாரோ அதைத் திறந்து இன்பாக்ஸைப் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் நுழைவது கூகுளின் சர்வரில் இருக்கும் உங்கள் கணக்குக்குள். அதற்குக் கம்பெனியின் அனுமதி போதாது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சேமித்து வைத்த உங்கள் பாஸ்வேர்டை எடுத்துப் பயன்படுத்தினால் 66சி. இழப்பீடு கேட்பது போலீஸ் ஸ்டேஷனில் அல்ல. ஐந்து கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். அவர்தான் இச்சட்டத்தின் தீர்ப்பு அதிகாரி.

சாட்சியம் இல்லாமல் இது வெறும் பேச்சு. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அடிவரை போனால் வலது மூலையில் ‘டீடெயில்ஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த நேரத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்ற பட்டியல் அங்கே வரும். கடைசிச் சில நுழைவுகள்தான் இருக்கும் என்பதால் சந்தேகம் வந்த அன்றே படம் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு லாக்அவுட் செய்யுங்கள். மாற்றிச் செய்துவிட்டு வருந்தாதீர்கள்.

இதே 43-ஆம் பிரிவு உங்கள் பக்கமும் திரும்பும். வேலையை விடுவதற்கு முந்தின வாரம் ஆபீஸ் ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவது, பென் டிரைவில் ஏற்றுவது இரண்டும் அனுமதியில்லாத பிரதி. ராஜினாமா கொடுத்தவரின் பழைய 30, 60 நாள் பதிவுகளைத் திரும்பிப் பார்ப்பது பல கம்பெனிகளில் வாடிக்கை. ‘என் சம்பளச் சீட்டைத்தான் அனுப்பினேன்’ என்பது உண்மையாக இருந்தாலும் அதே மெயிலில் கிளையன்ட் எக்ஸெல் ஒன்றும் இருந்துவிட்டால் கதை மாறிவிடும். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 இரண்டையும் சொந்த மெயிலுக்கு அனுப்பும்படி ஹெச்.ஆர்.இடமே கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு கேமரா தனிப் பிரச்சினை. வேலை நேரம் முழுக்க கேமரா ஓட வேண்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. புதுத் தரவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஊழியரைப் பற்றித்தான் பேசுகிறது. பின்னால் நடந்து போகும் உங்கள் மனைவியோ, பாயில் தூங்கும் குழந்தையோ அந்தக் கம்பெனியின் ஊழியர் அல்ல. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே சட்டம். எனவே எழுத்தில் கேளுங்கள்: எந்த நேரத்தில் ஓடும், படமா வீடியோவா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், பின்னணியை மங்கலாக்க அனுமதி உண்டா. ஒரே அறை வீட்டில் இருப்பவர் ‘ஆபீசுக்கே வந்து வேலை செய்கிறேன்’ என்று சொல்லும் வாய்ப்பையும் அதே மெயிலில் கேட்டு வைக்கலாம். அந்தரங்க நிலையில் ஒருவரைப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும், பெண் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் வரும்; அங்கே எந்த பாலிசியும் கேடயம் ஆகாது.

சொந்த போனில் ஆபீஸ் மெயில் போடச் சொன்னால், ஆண்ட்ராய்டில் ‘வொர்க் ப்ரொஃபைல்’ கேளுங்கள். ஆபீஸ் ஆப்களில் சின்னப் பெட்டிக் குறி இருக்கும். அந்தப் பக்கம் மட்டும்தான் கம்பெனியுடையது, வேலையை விட்டால் அது மட்டும்தான் அழியும். இன்ட்யூன் (மைக்ரோசாஃப்டின் கருவி நிர்வாக மென்பொருள்) மூலம் சேர்த்த சொந்த போனில் மாடல், ஓ.எஸ். பதிப்பு போன்றவை அவர்களுக்குத் தெரியும்; கால் பட்டியல், எஸ்.எம்.எஸ்., போட்டோ தெரியாது. மெயில் ஆப்பில் நேராக ஆபீஸ் கணக்கைச் சேர்க்கும்போது ‘இரேஸ் ஆல் டேட்டா’ என்று ஒரு அனுமதி கேட்டால் மட்டும் நிறுத்துங்கள். அதற்கு அர்த்தம் முழு போனையும் தொலைவிலிருந்து அழிக்கலாம் என்பதுதான். போனில் ஆபீஸ் வைஃபை பயன்படுத்தினால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும், உள்ளே என்ன படித்தீர்கள் என்று தெரியாது. வைஃபைக்காக ஒரு ரூட் சான்றிதழை போனில் போடச் சொன்னால் அதுவும் தெரியும் நிலை வந்துவிடும்.

விவகாரம் வந்துவிட்டது, ஷோகாஸ் நோட்டீஸ் கையில் இருக்கிறது என்றால்? ‘அனுமதியில்லாமல் எடுத்த ஆதாரம், செல்லாது’ என்ற வாதம் இந்தியாவில் எடுபடாது. தப்பான வழியில் கிடைத்தாலும் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் சாட்சியம் ஏற்கப்படும் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் மல்கானி வழக்கில் சொல்லிவிட்டது. உள் விசாரணையில் சாட்சிய விதிகள் கோர்ட் அளவுக்குக் கறாராகவும் இருக்காது. சக்தியை வேறிடத்தில் செலவிடுங்கள்: ஆதாரம் சரியானதா என்பதில்.

முழு லாக் (கருவி எழுதிய பதிவு) கேளுங்கள், வெட்டி எடுத்த நாலு வரி போதாது. நேரம் எந்த மண்டலத்தில் என்று கேளுங்கள். பல கருவிகள் உலகப் பொது நேரத்தில் பதிவிடும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். லாகில் 14-ஆம் தேதி 19:10 என்று இருப்பது இங்கே 15-ஆம் தேதி இரவு 12:40. ‘ஷிஃப்ட் முடிந்ததும் மாலை ஏழு மணிக்கு டவுன்லோடு செய்தார்’ என்ற குற்றச்சாட்டு இந்தக் கணக்கிலேயே உடைந்துபோகலாம், அல்லது நள்ளிரவு என்று இன்னும் மோசமாகலாம். கேட்பதற்கு முன் நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ‘தடை செய்யப்பட்ட தளத்துக்குப் போனார்’ என்றால், அது நீங்கள் திறந்த பக்கமா, செய்தித் தளத்தில் இருந்த விளம்பரம் தானாகத் தொட்ட முகவரியா என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். திறந்தே கிடந்த ஒரு டேப்பை ‘மூன்று மணி நேரம் பார்த்தார்’ என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் உண்டு. டீம்ஸில் ‘அவே’ என்று காட்டுவதும் அப்படித்தான். ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் மஞ்சளாகிவிடும், ஐம்பது பக்க ஆவணத்தை நீங்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும். தேடுதலை யார் அனுமதித்தார், எந்தத் தேதியில், எந்தப் பாலிசிப் பிரிவின் கீழ் என்பதும் உங்கள் பதிலில் கேள்வியாகவே இருக்கட்டும். ‘நாலைந்து மாதத்துக்கு முந்தியதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டிருக்கிறது.

இந்தப் பதில் மெயிலையும், வக்கீலுடன் பேசுவதையும், சங்கத்தோடு பேசுவதையும் அதே லேப்டாப்பில் செய்துவிடாதீர்கள். இது சொல்லாமலே தெரிய வேண்டிய விஷயம், ஆனால் பதற்றத்தில் எல்லோரும் கையில் இருப்பதைத்தான் திறக்கிறார்கள்.

பாலிசியை இப்போதே படித்து வையுங்கள். சேர்ந்த அன்று முப்பது ஆவணத்தோடு ஒன்றாக மின்கையொப்பம் போட்ட ‘அக்செப்டபிள் யூஸ் பாலிசி’ ஒன்று இருக்கும். அதில் ‘நோ எக்ஸ்பெக்டேஷன் ஆஃப் பிரைவசி’ என்ற வரி இருக்கிறதா, ‘மிதமான சொந்த உபயோகம்’ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, உள்ளடக்கத்தைப் படிப்போம் என்கிறதா வெறும் போக்குவரத்தைப் பார்ப்போம் என்கிறதா என்பவைதான் முக்கியம். பதிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பாலிசிகள் சத்தமில்லாமல் மாறும். சம்பவம் நடந்த நாளில் எது அமலில் இருந்தது என்பதுதான் கேள்வியாகும்.

கடைசி நாள். முதலில் உங்கள் சொந்த ஃபைல்களை மட்டும் எடுக்க ஐ.டி. டீமிடம் டிக்கெட் போட்டு அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் ஒருவர் பக்கத்தில் நின்று எடுக்கவிடுவார். பிறகு அவற்றை லேப்டாப்பிலிருந்தும், பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து அதன் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்குங்கள். ஆபீஸ் ஃபைல் ஒன்றையும் தொடாதீர்கள். முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்வது ஆதாரத்தை அழித்தார் என்ற பெயரைத்தான் வாங்கித் தரும். குரோமில் சொந்த கூகுள் கணக்கு ஏற்றியிருந்தால் வெறும் லாக்அவுட் போதாது, வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இங்கே இறங்கியிருக்கும். அந்த ப்ரொஃபைலையே நீக்குங்கள். போனில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’, கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ இரண்டிலும் ஆபீஸ் லேப்டாப்பைத் தேடிப்பிடித்து வெளியேற்றுங்கள். அன்று இரவே பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது சீரியல் நம்பர், தேதி, நேரம் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு அந்த மெஷினிலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டிருந்தால், திறந்தது நீங்கள் இல்லை என்று காட்டப் போவது அந்தச் சீட்டுதான்.